குடத்துக்கு ஓய்வு, கால்களுக்கு வேலை

மரக்காணம் உப்பளங்களில் பெண்கள் உப்புக் கூடையைத் தலையில் சுமந்து வரப்பில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக் கூனிமேட்டில் அப்படி உழைக்கும் ஒரு பெண்ணுக்குப் புதுச்சேரி ஜிப்மரில் இருதய அறுவை நடந்ததாக வைத்துக்கொள்வோம். வீடு திரும்பியதும் "அசையாமல் படு" என்பார்கள். பதினைந்து நாள் போனால் தண்ணீர்க் குடம் அவள் இடுப்புக்கே வந்துவிடும். இரண்டும் தவறு. ஏன்?

இருதயத்தை எட்ட மருத்துவர் பெரும்பாலும் நடு மார்பெலும்பை நெடுக்காக அறுத்துத் திறக்கிறார். முடிந்ததும் எஃகுக் கம்பியால் சேர்த்துக் கட்டுகிறார். கம்பி பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். எலும்பு தானாகவே கூட வேண்டும். முறிந்த கைக்கு மாவுக்கட்டுப் போடலாம். மார்பெலும்போ ஒவ்வொரு மூச்சுக்கும் அசைகிறதே! அது நன்கு கூட 6 முதல் 12 வாரம் ஆகும்.

ஒரு சோதனை. புத்தகப் பையை வலது கையால் இடுப்போடு இறுக அணைத்துக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கையை வலது மார்பின் மேல் வையுங்கள். தசை விறைப்பது தெரிகிறதா? அந்தத் தசையின் ஒரு முனை மார்பெலும்பில்தான் பற்றியிருக்கிறது. 15 லிட்டர் குடத்தில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. கூடாத எலும்பின் ஒரு பாதியை அது எப்படி இழுக்கும்! அதனால்தான் 4, 5 கிலோவுக்கு மேல் தூக்காதே என்கிறார்கள். மார்பகத்தின் எடையும் காயத்தை இழுக்கும். பெண்களுக்குத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை தேவை. இதைப் பலர் கூச்சத்தால் சொல்வதே இல்லை.

படுத்தே கிடந்தால் என்ன? 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், 20 வயது இளைஞர் 5 பேரை 3 வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு கால் பங்குக்கு மேல் குறைந்துபோனது. நல்ல இருதயத்துக்கே இந்தக் கதி! (ஐவரும் ஆண்கள். இருதய ஆராய்ச்சிகளில் பெண்களை நெடுங்காலம் குறைவாகவே சேர்த்தார்கள்.)

நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தக் குழாய்களை அழுத்தி இரத்தத்தை மேலே அனுப்புகிறது. கால்களில் இரத்தம் உறைவதும் குறைகிறது. ஆகவே முதலில் 5 நிமிடம், நாளுக்குச் சில முறை. பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். நடந்துகொண்டே பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு திணறினால் நிற்க வேண்டும். மார்பெலும்பில் 'கடக்' என்று சத்தம் கேட்டாலோ, காயத்தில் சீழ் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

"வீட்டு வேலையே பயிற்சிதானே?" என்பார்கள். வீட்டு வேலையில் குனிவதும் தூக்குவதும் அதிகம். சிறிதாகத் தொடங்கிக் கூட்டும் வழியும் இல்லை. உப்புக் கூடையோ, எலும்பு கூடிவிட்டதென்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான். அதுவும் கால் கூடையிலிருந்து. அதுவரை குடத்தை வீட்டில் வேறு யார் தூக்குவார்கள்?