ரெட் வைனைப் பத்து வருஷம் வெச்சிருந்தா லாபமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"பழைய வைன் விலை ஏறிக்கிட்டே போகும், அதுவும் ஒரு முதலீடு" என்ற பேச்சு இப்போ நிறைய காதில் விழுது. போனஸ் பணத்தை அதில் போடுவதற்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

பழசானால் ருசி கூடுமா?

ஸ்பெயினின் ரியோஹா ரெட் வைனை எடுத்துக்குவோம். அங்கே முக்கியமான திராட்சை டெம்ப்ரனில்லோ. லேபிளில் 'க்ரியான்சா' என்று இருந்தால் குறைந்தது 2 வருஷம் பக்குவப்படுத்தியது. 'ரிசர்வா' 3 வருஷம், 'க்ரான் ரிசர்வா' 5 வருஷம். இதில் ஒரு பகுதிக் காலம் ஓக் பீப்பாயில், மீதி பாட்டிலில்.

இளசான வைனில் பழவாசனையும், பிஞ்சுக் கொய்யாவைக் கடிச்ச மாதிரி துவர்ப்பும் தூக்கலா இருக்கும். வயசாக ஆக துவர்ப்பு அடங்கி, உலர்ந்த பழ வாசனை வரும். ஆனால் எல்லா வைனும் இப்படி இல்லை. பெரும்பாலானவை சில வருஷத்துக்குள் குடிக்கவே தயாரிக்கப்படுபவை. அதுக்கு மேல் வெச்சிருந்தால் சப்புன்னு போயிடும்.

இன்னொன்று கவனிங்க. க்ரான் ரிசர்வாவில் அந்த 5 வருஷக் காத்திருப்புச் செலவைத் தயாரிப்பாளரே செய்து, விலையில் சேர்த்துடறார். நீங்க மறுபடி காத்திருந்தால் அது உங்க செலவு.

வைத்திருக்கும் செலவு

வைனுக்கு வெளிச்சம் படாத, ஏறி இறங்காத 12 முதல் 15 டிகிரி வேணும். கார்க் காயாமல் இருக்க பாட்டிலைப் படுக்க வைக்கணும். சேலத்துச் சித்திரை வெயிலில் பீரோவுக்குள் வெச்சால் கதை முடிஞ்சுது. தனி ஃப்ரிட்ஜ் வேணும்.

உதாரணத்துக்கு, 4,000 ரூபாய் பாட்டில் 6, மொத்தம் 24,000. ஃப்ரிட்ஜ் 15,000. மாசம் கரண்ட் 150 என்று வெச்சுக்குவோம்.

இந்த 39,000 ரூபாயை 7% வட்டியில் 10 வருஷம் விட்டிருந்தால், வரிக்கு முன் சுமார் 76,700. மாசம் 150 ரூபாயும் அதே வட்டியில் சுமார் 26,000 ஆகியிருக்கும். ஆக 1,02,700. ஒரு பாட்டில் 17,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் எஃப்.டி.க்குச் சமம்!

நம்ம ஊர் மஞ்சள் சொல்லும் பாடம்

நாமக்கல் பக்கம் இருக்கறவங்களுக்கு இது புதுசு இல்லை. நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலம் தெரியும்தானே? 2010 கடைசியில் குவிண்டால் 15,000 ரூபாய்க்கு மேல் போன மஞ்சள், 2012-ல் 5,000-க்கும் கீழே வந்தது. இன்னும் ஏறும்னு மூட்டையை இருப்பு வெச்சவங்களுக்கு விலையும் போச்சு, குடோன் வாடகையும் போச்சு, கடன் வட்டியும் ஏறுச்சு.

ஆனாலும் மஞ்சளுக்கு ஒரு தெம்பு உண்டு. நஷ்டமானாலும் ஏலத்தில் வித்துடலாம். அவசரம்னா அதை வெச்சுப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம்.

உங்க பாட்டிலை யாரிடம் விற்பீங்க?

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். லைசென்ஸ் இல்லாமல் தனிநபர் விற்பது குற்றம். வீட்டில் இருப்பு வைக்கவும் அளவு வரம்பு உண்டு. அதாவது, விலை 50,000 ஆனாலும் உங்களால் அதைச் சட்டப்படி காசாக்க முடியாது. காசாக்க முடியாத பொருள் முதலீடு இல்லை, செலவு.

தங்கமோ, மனையோ, வைனோ, யார் எதைக் காட்டினாலும் மூணு கேள்வி கேளுங்க:

1. வெச்சிருக்க வருஷம் எவ்வளவு செலவு?
2. நடுவில் வருமானம் ஏதாவது வருமா?
3. நாளைக்கே பணம் வேணும்னா யார் வாங்குவாங்க?

மூணாவது கேள்விக்குப் பதில் இல்லைன்னா, பணத்தை எடுக்காதீங்க.

மது உடல்நலத்துக்குக் கேடு. இந்தக் கணக்கை உங்க தொகைக்கு எப்படிப் போடுவது என்று வீடியோவில் பார்க்கலாம்.