மொத்தம் எவ்வளவுங்க?

2019 டிசம்பரில் ஓர் இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு என் கணவரிடம் இதைக் கேட்டேன். "மூணு, நாலு லட்சம் இருக்கும்" என்றார். பையனின் பள்ளி நோட்டு ஒன்றில் பாதிப் பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கூட்டிப் பார்த்தால் 9,74,000 ரூபாய். எட்டு இடத்துக் கடன். அதில் மூன்று எனக்குத் தெரியாமல் அவர் வாங்கியவை. ஒன்று, அவருக்குத் தெரியாமல் நான் வாங்கியது.

அடைத்து முடிக்க 4 ஆண்டு 7 மாதம் ஆயிற்று. எங்களுடைய வருமானம் ஒரு தனியார் பள்ளி ஆசிரியையின் சம்பளமும் ஈரோட்டில் ஒரு சிறிய ஜெராக்ஸ் கடையும்தான். வருமானம் குறைவு என்பதால் பட்ட கஷ்டம் பாதி. கடன் பற்றி நாங்கள் உறுதியாக நம்பியிருந்த தவறான விஷயங்களால் பட்டது மீதி. அவற்றை இன்றும் பக்கத்து வீட்டில், ஆசிரியர் ஓய்வறையில், பஸ்ஸில் கேட்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

நம்பிக்கை: வீட்டுக்குத் தெரியாமல் அடைத்துவிடலாம்

"சொன்னா நீ தாங்கமாட்டீன்னு நெனச்சேன்" என்றார் அவர் அன்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவரிடம் 18,000 ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தேன். கடை ஓடாத நேரத்தில் அவரை மேலும் நோகடிக்க வேண்டாம் என்று மறைத்தேன். இருவருமே அன்பினால்தான் மறைத்தோம். ஆனால் மறைத்த கடனுக்கு மறைவாகத்தான் பணம் புரட்ட வேண்டியிருக்கிறது. மளிகைக்கு என்று வாங்கியதில் கொஞ்சம் இங்கே போகும். கார்டில் எடுத்த பணம் தண்டலுக்குப் போகும். ஒருவர் ஒரு துளையை அடைக்கும்போது இன்னொருவர் தெரியாமல் வேறொன்றைப் போட்டுக்கொண்டிருப்பார். எந்தக் கடன் எந்தக் கடனுக்காக வாங்கியது என்பது அந்த நோட்டில் எழுதிய பிறகுதான் எங்களுக்கே புரிந்தது.

அன்றிரவு நாங்கள் சண்டை போட்டோம். அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே நோட்டை எடுத்து, நான் எழுதாமல் விட்ட ஒரு பத்தியைச் சேர்த்தார்: ஒவ்வொரு கடனுக்கும் ஆண்டு வட்டி என்ன?

நம்பிக்கை: தண்டலுக்கு வட்டி கம்மிதான்

அந்தப் பத்தியை நிரப்பும்போதுதான் கண் திறந்தது. தண்டலில் 10,000 ரூபாய்க்கு எழுதி 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே, 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்து குறைந்துகொண்டே போகிறது. சராசரியாகப் பார்த்தால் நம் கையில் நிற்பது பாதிப் பணம், அதுவும் மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்கு. அதை ஆண்டுக் கணக்கில் போட்டால் 120 சதவீதத்தைத் தொடுகிறது.

ஃபிளாட் வட்டியும் இதே கதை. ஒரு லட்சம் ரூபாய், 12 சதவீதம் ஃபிளாட், 24 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 5,167 ரூபாய். குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கும் மேல். 2024 அக்டோபர் முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குப் புதிதாகக் கடன் கொடுக்கும்போது எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டியைத் தனித் தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். இருவரும் படியுங்கள்.

நம்பிக்கை: கார்டில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் பிரச்சினையில்லை

எங்கள் கார்டு ஒன்றின் கணக்கு இது. பாக்கி 50,000. மாத வட்டி மூன்றரை சதவீதம், அதாவது 1,750. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 315. ஆக 2,065 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று கேட்டது 2,500. நாங்கள் மாதம் தவறாமல் கட்டிய அந்தத் தொகையில் அசலுக்குப் போனது 435 ரூபாய். கூடவே, பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்களும் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகை தாமதக் கட்டணத்திலிருந்து காப்பாற்றும். கடனிலிருந்து காப்பாற்றாது.

நம்பிக்கை: என்ன ஆனாலும் நகையைத் தொடக்கூடாது

இதில்தான் எங்கள் வீட்டில் அதிகம் அழுகை. ஜவுளித் தொழிலில் இருக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் என் கணவர் இரண்டு லட்சம் மூணு வட்டிக்கு வாங்கியிருந்தார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். மாதம் 6,000 வீதம் 31 மாதம் கொடுத்தாயிற்று. 1,86,000 ரூபாய் போயும் அசல் அப்படியே இரண்டு லட்சம். அந்த 31 மாதமும் என் நகைகள் பீரோவில் பத்திரமாக இருந்தன. "அம்மா வீட்டு நகை, அதை மட்டும் வைக்கக்கூடாது" என்பது அவருடைய வைராக்கியம். எனக்கும் அதில் பெருமைதான்.

கணக்கு வேறு விதமாக இருந்தது. வங்கியில் நகையை அடகு வைத்தால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் அளவில் வட்டி. அதை வைத்து மூணு வட்டியை முடித்தால் மாதம் 4,000 மிஞ்சும். அந்த 4,000 அசலுக்குப் போகும். நான்தான் முடிவெடுத்தேன், நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சீதனமாக வந்த நகை பெண்ணின் தனிச் சொத்து. இக்கட்டில் கணவர் அதைப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கிறது. மாமியார் கேட்டார், மைத்துனர் தொழிலுக்கு வேண்டும் என்று எந்தப் பெண்ணிடமிருந்தும் நகையை வாங்குவதற்கு இந்தக் கணக்கை யாரும் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அடகு வைத்துவிட்டு ஆண்டுதோறும் வட்டி மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போனால் நகை ஒருநாள் ஏலத்துக்குப் போகும். மிஞ்சிய 4,000 வேறு செலவில் கரைந்தால், வைத்ததே வீண்.

நம்பிக்கை: எல்லாவற்றையும் ஒரே கடனாக்கினால் பாரம் இறங்கும்

வட்டி உண்மையாகவே குறைந்தால், பழைய கார்டுகளை அன்றே மூடினால், இறங்கும். தவணை குறைகிறதே என்று காலத்தை நீட்டினால் மொத்த வட்டி ஏறும். வீட்டை ஈடு வைத்துக் கார்டு கடனை அடைப்பதில் கூடுதல் ஆபத்து: கார்டு பாக்கிக்காக வீட்டை நேராக எடுக்க வங்கியால் முடியாது. வீட்டின் மேல் வாங்கிய கடன் வாராக்கடனானால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸுக்குப் பிறகு நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலே வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுக்கலாம். நாங்கள் வீட்டைத் தொடவில்லை.

நம்பிக்கை: புருஷன் கடன் பொண்டாட்டி தலையில்தான்

கையெழுத்துப் போடாத கடனுக்கு மனைவி பொறுப்பில்லை. கணவர் இறந்துபோனாலும், அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் "சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்து" என்று ஒன்று கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், ஜாமீன்தாரரைக் கடன் வாங்கியவருக்குச் சமமான பொறுப்பில் வைக்கிறது. எட்டில் மூன்றில் என் கையெழுத்து இருந்தது. அவற்றில் ஒன்றைக்கூட நான் படித்துப் போடவில்லை.

நம்பிக்கை: தவணை தவறினால் ஜெயில்

கடன் கட்ட முடியாமல் போவது மட்டுமே குற்றமாகாது. அது சிவில் விவகாரம். கொடுத்த காசோலை திரும்பினால் வேறு கதை. செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. கணக்கில் பணம் இருக்காது என்று தெரிந்தால் முன்கூட்டியே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். 2020 ஊரடங்கில் கடை பூட்டியபோது நாங்கள் அப்படித்தான் கேட்டோம். அந்த ஆறு மாதத் தவணைச் சலுகையிலும் வட்டி நிற்கவில்லை, அசலோடு சேர்ந்தது. அதனால் பெரிய கடன் ஒன்றுக்கு மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது, உறவினர்களையும் நண்பர்களையும் தொல்லை செய்யக்கூடாது என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி வலியுறுத்திய விதி. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று அநியாய வட்டி வாங்குவது தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டியால் நொந்த ஒரு தம்பதி, இரண்டு பெண் குழந்தைகளோடு உயிரை விட்டார்கள். அந்தச் செய்தியை அன்று படித்துவிட்டு, எங்கள் வீட்டிலேயே மூணு வட்டி ஓடுவது தெரியாமல் நான் சமைக்கப் போயிருக்கிறேன். கடன் நெருக்கி, வாழ்ந்து என்ன என்று யாருக்காவது தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு.

நம்பிக்கை: வட்டி அதிகமான கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டும்

கணக்குப்படி இது சரி. எங்களுக்குப் பெரும்பாலும் உதவியதும் இதுதான். ஆனால் நாங்கள் முதலில் அடைத்தது வட்டியே இல்லாத அந்த 18,000. தினமும் அந்த ஆசிரியை முகத்தில் விழிக்க வேண்டும்; அவர் ஒரு நாளும் கேட்கவில்லை என்பதே எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. நோட்டில் முதல் கோடு விழுந்த அன்று எங்கள் இருவருக்கும் தெம்பு வந்தது. அடுத்து தண்டல், பிறகு மூணு வட்டி, அதன்பின் கார்டுகள். கணக்கு மட்டும் பார்ப்பவர்கள் ஒப்ப மாட்டார்கள். இன்னொரு முறை செய்ய நேர்ந்தாலும் அதே வரிசையில்தான் செய்வேன்.

நம்பிக்கை: கடைசித் தவணையோடு முடிந்தது

பணம் முடியும், காகிதம் முடிவதில்லை. வங்கியில் குறைத்துப் பேசி முடித்தால் கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று நிற்கும். முழுதாகக் கட்டியவருக்கு விழும் 'குளோஸ்டு' வேறு. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக முழு அறிக்கை தர வேண்டும். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. வீட்டுப் பத்திரம் ஈடு வைத்திருந்தால், முழுதும் கட்டிய 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதம் நிறுவனத்தால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்கு இழப்பீடு.

தனியாரிடம் வாங்கியதற்கு இப்படி யாரும் கேட்டுத் தர மாட்டார்கள். மூணு வட்டிக்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு என் கணவர் கிளம்பிவிட்டார். நான்தான் வாசலில் நின்று புரோநோட்டையும், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருந்த இரண்டு காசோலைகளையும் கேட்டேன். தேடி எடுக்க அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று. வீட்டுக்கு வந்ததும் இவர் புரோநோட்டைக் கிழிக்கப் போனார். "இருக்கட்டுங்க" என்று வாங்கி அந்த நோட்டுக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.