கயிறு மாறுதல்

குதிரை விற்கப்படுங்கால் உடைமை மாறியதற்கு அடையாளமாய் நிற்பது அதன் கயிறே. விற்பவன் கயிற்றைக் கொடுப்பக் கொள்பவன் அதனை ஏற்ற அளவில், குதிரை அவனதாகின்றது. இதனைக் 'கயிறு மாறுதல்' என வழங்கினர் நம் முன்னோர். பரஞ்சோதி முனிவரது திருவிளையாடற் புராணத்தில், நரிகளைப் பரிகளாக்கிக் கொணர்ந்த வணிகத் தலைவர் பாண்டியனுக்குக் கயிறு மாறிக் கொடுத்ததும், அன்றிரவே அப்பரிகள் மீண்டும் நரிகளானதும் கூறப்படுகின்றன. கயிறு மாறியபின் விளையும் கேடு யாரைச் சாரும் என்னும் வினா இக்கதையைப் படிக்கும் நமக்கு எழுகின்றது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பண்டைத் தமிழகம் குதிரைகளைக் கடல்வழியே பெற்றது என்பதைப் பட்டினப்பாலையால் அறிகின்றோம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாடு போந்த மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்தார், ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளினின்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்குப் பெருவிலைக்கு வந்தன என்றும், பேணும் முறை அறிந்தாரின்மையால் அவற்றுட் பெரும்பாலன ஓராண்டிற்குள் மாண்டன என்றும் எழுதியுள்ளார். குதிரை மருத்துவர் இந்நாடு புகாதவாறு வணிகரே தடுத்தனர் என்பதும் அவர் கூற்று. குதிரைகள் இறக்குந்தோறும் புதியன விலைப்படுமன்றோ? இக்கூற்றில் மிகையிருப்பினும் இருக்கலாம். ஆயினும், கொள்வோனது அறியாமை விற்போனுக்கு முதலாவதும், அதன் துன்பம் வாயில்லா உயிரின்மேல் விழுவதும் இதனாற் புலனாகும்.

நிற்க. இக்காலத்து நாட்டுப்புறச் சந்தைகளை நோக்குவாம். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு மாடுகளோடு குதிரைகளும் வருகின்றன. காதுகளின் நுனி உள்வளைந்து ஒன்றையொன்று நோக்கும் மார்வாரி, காத்தியவாரி இனங்களை அங்குக் காணலாம். சேணமின்றிக் கயிற்றிற் பிடித்து நிறுத்திய குதிரையின் உடலமைப்பு மறைவின்றித் தோன்றும்.

கொள்வோன் முதற்கண் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். முன்வாய்ப் பாற்பற்கள் நடுவிணை இரண்டரை ஆண்டிலும், அடுத்த இணை மூன்றரையிலும், கடையிணை நாலரையிலும் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். 5 ஆண்டில் வாய் நிரம்பும். பின்னர்க் கீழ்ப்பற்களின் குழிகள் ஏறக்குறைய 6, 7, 8 ஆம் ஆண்டுகளில் முறையே தேய்ந்து மறையும். அதன்மேல் வயதைத் துணிந்துரைத்தல் அரிது. கிழக்குதிரையின் பல்லிற் பொய்க்குழி தோண்டிக் கருநிறமூட்டி விற்பாரும் உண்டு. ஆதலிற் பல்லொன்றையே நம்பலாகாது.

அடுத்து, கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக் கெட்டித் தரையில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். முன்காலில் நோவுடைய குதிரை, அக்கால் ஊன்றும்போது தலையை உயர்த்தும். சுழி பார்த்து நன்மை தீமை கூறுதல் தொன்றுதொட்ட வழக்கு. எனினும் நெற்றிச் சுழி குளம்பின் நோயைக் காட்டாது.

இத்துணையும் கண்ணாற் காண்பன. உண்ணும் தீனியின் அளவு, அடிக்கடி வரும் வயிற்றுநோய், தனித்துக் கட்டினால் மிரளும் இயல்பு ஆகியவற்றை வளர்த்தவனே அறிவான். 1930-ஆம் ஆண்டு இந்தியப் பொருள் விற்பனைச் சட்டம், பொருளின் தரத்தை ஆராயும் பொறுப்பைச் சில விலக்குகளோடு கொள்வோன்மேலேயே பொதுவாக வைக்கின்றது. சட்டம் அங்ஙனமாகுக. வினவாதவனுக்கும் குறையை உரைப்பதே விற்போனுக்கு அறமாம். மறைத்து விற்ற குறையால் கொள்வோன் பொருளிழப்பான். குதிரையோ தகாத தீனியும் தாங்கலாகாப் பாரமும் பெற்று, கைக்குக் கை மாறி நலியும்.

ஆகலின், கயிறு மாறும்பொழுது அக்குதிரையைப் பற்றிய உண்மையும் உடன் மாறுதல் வேண்டும். அங்ஙனம் மாறாதவழி, விலை முழுதும் எண்ணிக் கொடுக்கப்பட்டதாயினும், அவ்விற்பனை நிறைவுற்றதாகாது என்பது நம் துணிபு.