உரசொலியின் இடம்: கிட்டார் செப்பனிடக் கற்கும் இளையவருக்கு ஒரு கடிதம்

எலெக்ட்ரிக் கிட்டார் செப்பனிடும் தொழிலில் புதிதாகக் காலடி வைத்திருக்கும் இளம் கலைஞருக்கு,

கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதிக்கப்பட்டிருக்கும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளின்மீது, அதிரும் தந்தி தான் தொடக்கூடாத இடத்தில் பட்டுப் பட்டு விலகுவதால் எழும் கரகரப்பை வாசிப்பவர்கள் ஃப்ரெட் பஸ் என்பர். இக்கடிதத்தில் அது உரசொலி எனப்படும். இத்தொழிலில் நுழைபவர் முதலில் சந்திக்கும் குறையும், மிக அவசரமாகத் தவறான வழியில் தீர்க்கப்படும் குறையும் இதுவே. பிரிட்ஜில் தந்தியைத் தாங்கி நிற்கும் சேடில்களைச் சற்றே உயர்த்திவிட்டால் பெரும்பாலும் ஒலி அடங்கிவிடுகிறது என்பதால், உயர்த்திக் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் கையில் எளிதாகப் படிந்துவிடுகிறது. ஆனால் காரணம் நட்டிலோ, கழுத்தின் வளைவிலோ, தூக்கி நிற்கும் ஒற்றை ஃப்ரெட்டிலோ இருக்குமானால், உயர்ந்த சேடில் அந்தக் காரணத்தை மறைத்துவைத்து, வாசிப்பவரின் விரல்களுக்குத் தேவையற்ற உழைப்பைச் சுமத்துவதோடு, தந்தியை அழுத்தும்போது சுருதி மேலேறும் புதிய குறையையும் உண்டாக்கும். ஆகவே உரசொலி பிறக்கும் இடம் தெரியும்வரை எந்தத் திருகும் தொடப்படக்கூடாது. தெரிந்த பின்னும், திருப்பி எடுக்கக்கூடிய மாற்றங்கள் முதலிலும், அரத்தால் தேய்ப்பது போன்ற திரும்பப் பெற முடியாத வேலைகள் கடைசியிலும் செய்யப்பட வேண்டும்.

விளக்கத்திற்குக் கலிஃபோர்னியாவின் ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரை எடுத்துக்கொள்வது பொருந்தும். இன்று எளிய விலையில் கிடைக்கும் எண்ணற்ற கிட்டார்கள் அதன் அமைப்பையே பின்பற்றுகின்றன. தலைப்பக்கத்தில் தந்தி தங்கும் பள்ளங்களைக் கொண்ட நட்டிலிருந்து சேடில் வரையிலான அதன் தந்தி நீளம் 25.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 648 மி.மீ. பரவலாகப் பயன்படும் 0.010 முதல் 0.046 அங்குலம் வரையிலான தடிமன் கொண்ட ஆறு தந்திகளும் வழக்கமான சுருதியில் நிற்கும்போது, அவை சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை 45 கிலோவுக்கும் மேற்பட்டது. அந்த இழுப்பில் மரக்கழுத்து முன்னோக்கி வளைவதைக் கட்டுப்படுத்த, கழுத்தின் உள்ளே ட்ரஸ் ராட் எனப்படும் எஃகுக் கம்பி புதைக்கப்படுகிறது. திருகிச் சரிசெய்யக்கூடிய இக்கம்பிக்கு, கலமஸூவிலிருந்த கிப்ஸன் நிறுவனத்தில் பணிபுரிந்த தாடியஸ் மெக்ஹியூ 1923-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கிட்டார் கழுத்தின் நிலைப்பாட்டில் பெரும்பகுதி அந்தக் கம்பியையே நம்பியிருக்கிறது.

தந்தி எவ்வாறு அதிர்கிறது என்பதை மனக்கண்ணில் தெளிவாகக் காணாதவருக்குப் பின்வரும் எதுவும் விளங்காது. இரு முனைகளிலும் அசையாது நிற்கும் தந்தி நடுவில்தான் மிக அகலமாக வீசுகிறது. அழுத்தாமல் மீட்டினால் அந்த நடுவிடம் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலேயும், 5-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தினால் 17-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலேயும் அமைகிறது. எங்கே அழுத்தினாலும் அது பன்னிரண்டு ஃப்ரெட்டுகள் தள்ளியே இருக்கும். ஆயினும் உரசல் பெரும்பாலும் அந்த நடுவிடத்தில் நிகழ்வதில்லை. விரலுக்கு அடுத்த ஃப்ரெட்டுகளின் மேல் தந்திக்கு இருக்கும் இடைவெளி மிகச் சிறியதாகையால், வீச்சு அங்கே குறைவாக இருந்தபோதிலும் முட்டுவது அங்கேதான் முதலில் நேர்கிறது. தந்தி ஒரு பரப்பை மெல்லத் தொட்டு விலகுவது எப்போதும் குற்றமாவதில்லை. தம்புராவின் குதிரைமீது தந்திக்கடியில் நூலிழையை நகர்த்தி நகர்த்திக் கலைஞர் தேடுவது அத்தகைய தொடுகையையே. தம்புராவில் அத்தொடுகை நுனியில், கட்டுப்பாட்டோடு நிகழ்ந்து மேற்சுரங்களை எழுப்புகிறது. கிட்டாரின் ஃப்ரெட்டிலோ அது ஒழுங்கின்றி நிகழ்ந்து தந்தியின் ஆற்றலைத் தின்று நாதத்தைச் சுருக்கிவிடுகிறது.

கருவியைக் கையில் வாங்கியவுடன் செய்ய வேண்டியது கேள்வி கேட்பது. அண்மையில் மெல்லிய தந்திகளுக்கு மாறியிருந்தால் இழுப்பு குறைந்து, ட்ரஸ் ராட் கழுத்தைத் தேவைக்கு மேல் நிமிர்த்தியிருக்கும். தடித்த தந்தியின் சுருதியை இறக்கி வாசிப்பவரின் கிட்டாரில் தளர்ந்த தந்தி அகலமாக வீசும். மீட்டும் கையின் வலிமையும் கணக்கில் சேர வேண்டும். உரிமையாளரே வாசிக்கும்போது கேட்காமல், தன் மென்மையான மீட்டலில் கேட்டு முடிவுசெய்பவர் வேறொருவருக்கான கிட்டாரைச் சரிசெய்துகொண்டிருப்பார். அடுத்து, கருவியை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ஒலியைச் சிதைக்கும் விளைவுகள் எதுவுமின்றிக் கேட்க வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரின் குரல், தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப் வழியாக வருவது. இணைக்காதபோது காதருகே கேட்கும் மெல்லிய கரகரப்பு ஆம்ப்பில் வராமலும், ஒலி நீளம் குறையாமலும் இருக்குமானால், அதை விட்டுவிடுவதே தகும். தாழ்ந்த தந்தியமைப்பில் சிறிதளவு உரசல் இருந்தே தீரும். அதைத் துளியும் இல்லாமல் ஒழிக்க முயல்பவர் கருவியின் இலகுத்தன்மையையும் சேர்த்தே ஒழித்துவிடுகிறார்.

ஃப்ரெட்டோடு தொடர்பற்ற ஒலிகளையும் இவ்வேளையில் விலக்கிவிட வேண்டும். தளர்ந்த சுருதிச் சாவியின் மறை, சேடிலின் சுருள்வில், பிக்கப்பைத் தாங்கும் திருகு ஆகியவை குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் ஒத்ததிர்ந்து உரசொலிபோலவே ஏமாற்றும். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு அடக்கிப் பார்த்தால் குற்றவாளி வெளிப்படும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில், பிக்கப்பின் காந்தங்கள் தந்திக்கு மிக நெருங்கியிருந்தால் தடித்த தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் இரட்டைச் சுருதிபோல் நடுங்கும் ஒலியை உண்டாக்குவதும் உண்டு. பிக்கப்பை இறக்கியவுடன் அது மறையுமானால் ஃப்ரெட்டுகள்மீது பழி சுமத்த வேண்டியதில்லை.

இனி ஆறு தந்திகளையும், ஒவ்வொரு ஃப்ரெட்டிலும், ஒரே வலிமையோடு மீட்டி, உரசும் இடங்களை ஒரு தாளில் குறிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. எனினும் நோயறிதலின் பெரும்பகுதி இத்தாளிலேயே முடிந்துவிடுகிறது. அழுத்தாத தந்தி மட்டும் உரசி, அழுத்தியவை எல்லாம் தெளிவாக ஒலித்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது என்று கொள்ளலாம். முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில், பல தந்திகளில் உரசல் பரவியிருந்தால் கழுத்தில் வளைவு போதவில்லை, அல்லது அது பின்னோக்கி வளைந்துவிட்டது. 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேற்பட்ட பகுதியில் மட்டும் கேட்டால் சேடில் தாழ்ந்திருக்கும், அல்லது கழுத்தின் முடிவுப் பகுதி உடலோடு சேருமிடத்தில் மேல்நோக்கி எழும்பியிருக்கும். ஓரிரு இடங்களில் மட்டும், எடுத்துக்காட்டாக 7-இல் அழுத்தினால் உரசி 8-இல் அழுத்தினால் தெளியுமானால், 8-ஆம் ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது, அல்லது 7-ஆம் ஃப்ரெட் நெடுநாள் வாசிப்பில் தேய்ந்து தாழ்ந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், எது என்று பின்னர் அளந்தே தீர்மானிக்க வேண்டும்.

அளவெடுப்பு கழுத்தின் வளைவிலிருந்து தொடங்குகிறது. இழுத்துக் கட்டிய தந்தியைவிட நேரான கோல் கிடைப்பது அரிது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்னும் பிடியைப் பூட்டி, ஆறாம் தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தினால் தந்தியே அளவுகோலாகிவிடும். அந்நிலையில் 8-ஆம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய உலோகத் தகடுகளை நுழைத்துப் பார்க்கும் இடைவெளிக்கு ரிலீஃப் என்று பெயர். விரற்பலகையின் குறுக்கு வளைவு 9.5 முதல் 12 அங்குல ஆரம் கொண்ட கழுத்துகளுக்கு 0.010 அங்குலமும், பழைய பாணி 7.25 அங்குல ஆரத்துக்கு 0.012 அங்குலமும் ஃபெண்டர் தரும் வழிகாட்டு அளவுகள். முன்னது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். இடைவெளி குறைவெனில் ட்ரஸ் ராடின் மறையைத் தளர்த்தவும், மிகுதியெனில் வலஞ்சுழியாக இறுக்கவும் வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், மீண்டும் சுருதி சேர்த்து, மீண்டும் அளந்து முன்னேற வேண்டும். மறை இறுகிப் பிடித்துக்கொண்டால் வலிமையைக் காட்டுவது உள்ளிருக்கும் கம்பியை முறித்துவிடும். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தொடக்கக் கால அமைப்பில் இம்மறை கழுத்தின் அடிமுனையில் உடலோடு பொருந்தும் இடத்தில் இருப்பதால் கழுத்தைத் தளர்த்தியே அணுக முடியும். 1971 முதல் வந்த கழுத்துகளில் அது தலைப்பக்கத்துக்கு மாறியது. பழைய அமைப்பு எரிச்சலூட்டுவதே. ஆயினும் அந்த எரிச்சலைத் தவிர்க்க ரிலீஃபைத் தொடாமல் சேடிலை உயர்த்துவது நேர்மையான வேலையன்று.

ட்ரஸ் ராட் தந்தியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது. வாசிப்பவர்களைவிடச் செப்பனிடுபவர்களே அதை நம்பும்போது கேடு பெரிது. வளைவை மிகுத்தால் கீழ் ஃப்ரெட்டுகளின்மேல் இடைவெளி கூடுகிறது என்பது உண்மை. ஆனால் நடுப்பகுதி உயர்ந்துவிட்டது என்று சேடிலைத் தாழ்த்தும்போது, பள்ளத்தைத் தாண்டி மேலேறும் மேல் ஃப்ரெட்டுகளில் தந்தி முட்டத் தொடங்கும். ஆகவே ரிலீஃபை முதலில் நிலைநிறுத்தி, பிறகே உயரத்துக்குச் செல்ல வேண்டும். ஆக்‌ஷன் எனப்படும் அந்த உயரத்தை ஃபெண்டர் 17-ஆம் ஃப்ரெட்டில் அளக்கச் சொல்கிறது, 9.5 முதல் 12 அங்குல ஆரத்துக்கு இருபுறமும் 4/64 அங்குலம், அதாவது 1.6 மி.மீ. அதன் தொடக்க அளவு. சேடிலை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் 12-ஆம் ஃப்ரெட்டில் தந்தி அரை மில்லிமீட்டரே உயரும் என்பதையும், முதல் ஃப்ரெட்டருகே அது ஏறத்தாழ அசையாது என்பதையும் உணர்ந்தவர், நட்டின் குறையைச் சேடிலில் தீர்க்க முயலமாட்டார்.

நட்டைச் சோதிக்க, தந்தியை 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் ஒளி தெரியும் அளவுக்கேனும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடைவெளி அறவே இல்லையெனில், பள்ளத்தில் தந்திக்கடியில் சிறு காகிதத் துண்டை வைத்து மீட்டினால் உரசல் மறைவதே உறுதிச் சான்று. எலும்புத் தூளையும் உடனடிப் பசையையும் இட்டு நிரப்புவது தற்காலிக உதவி. நிலையான வழி புதிய நட். அதில் பள்ளம் அறுக்கும்போது, அது சுருதிச் சாவியின் பக்கமாகச் சரிந்து, ஃப்ரெட்டுகளை நோக்கிய முன்விளிம்பிலேயே தந்தி கடைசியாகத் தொடும்படி இருக்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்துவிட்டால் முன்னே தந்தி அந்தரத்தில் நின்று தம்புராவைப்போல் இரையும்.

தந்தியை விரற்பலகையின் குறுக்கே இழுத்துச் சுரத்தை உயர்த்தும்போது மட்டும் ஒலி சட்டென்று அடைபடுவது தனியாகப் பேசத்தக்கது. விரற்பலகை குறுக்கில் உருண்டிருப்பதால், ஓரத்துத் தந்தி நடுவை நோக்கி இழுக்கப்படும்போது உருட்சியின் முகட்டைக் கடக்க நேர்கிறது, 7.25 அங்குல ஆரமும் தாழ்ந்த ஆக்‌ஷனும் சேர்ந்தால் மேல் ஃப்ரெட்டுகளின் முகடு தந்தியைத் தடுத்துவிடுகிறது. கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்துப் புகழ்பெற்ற பிரசன்னாவின் வழியில் கமகங்களைப் பயிலும் மாணவர்கள் தமிழ்நாட்டில் இருப்பதால், இக்குறையோடு இங்குள்ள பட்டறைக்கு வரும் கிட்டார் விதிவிலக்கன்று. அத்தகைய மாணவரின் கருவிக்குத் தொழிற்சாலை அளவு பொருந்தாது. அவர் வழக்கமாக இழுக்கும் தூரத்தை இழுக்கச் சொல்லிக் கேட்டு, ஒலி அடைபடாத உயரத்தில் சேடில்களை நிறுத்துவதே முறை. அப்படியும் உயரம் மிகையாகத் தோன்றினால், நட்டருகே சிறிய ஆரமும் உடலருகே பெரிய ஆரமும் அமையும்படி மேல் ஃப்ரெட்டுகளைச் சமப்படுத்துவது பற்றி அவரோடு பேசலாம்.

ரிலீஃபும் ஆக்‌ஷனும் நட்டும் சரியாகிய பின்னும் தாளில் குறித்த ஓரிரு இடங்கள் உரசுமானால், அப்போதே ஃப்ரெட்டுகளின் முறை வருகிறது. மூன்று ஃப்ரெட்டுகளை மட்டும் தொடும் நீளமுள்ள நேர்விளிம்புத் தகடான ஃப்ரெட் ராக்கரை வைத்து ஆட்டிப் பார்க்கும்போது அது துள்ளினால் நடுவிலுள்ள ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. ஒரே ஃப்ரெட் ஒரு தந்திக்கடியில் உயர்ந்தும் மற்றொன்றில் சரியாகவும் இருக்கக்கூடும் என்பதால், ஆறு தந்திப் பாதைகளிலும் இதைச் செய்ய வேண்டும். உயர்ந்த ஃப்ரெட்டை உடனே தேய்க்கத் தொடங்குவது அவசரம். அதன் கால் விரற்பலகையின் பள்ளத்திலிருந்து மேலெழும்பியிருக்கலாம்; விரலால் அழுத்தினால் அசைகிறதா, தட்டினால் வெற்றொலி எழுகிறதா என்று பார்த்து, அப்படியிருந்தால் அழுத்தி அமர்த்தி, மெல்லிய பசை இட்டு நிறுத்திவிட்டால் உலோகம் ஒரு துகளும் இழக்காமல் குறை தீரும்.

அமர்ந்திருந்தும் உயர்ந்தே நிற்பது, பல ஃப்ரெட்டுகள் தேய்ந்து மேடுபள்ளமாகியிருப்பது ஆகிய நிலைகளில்தான் சமப்படுத்தல் நியாயமாகிறது. கழுத்தை ட்ரஸ் ராடால் நேராக்கி, எல்லா முகடுகளிலும் மார்க்கர் மையைப் பூசி, உப்புத்தாள் ஒட்டிய நேரான கோலைத் தந்திகளின் திசையில் ஓட்டினால், மை அழியும் இடங்கள் உயர்ந்தவை, எஞ்சும் இடங்கள் தாழ்ந்தவை என்று கழுத்தே காட்டிக்கொடுக்கும். எங்கும் மை மெலிதாக அழிந்த கணத்தில் நிறுத்த வேண்டும். தட்டையான முகடுகளில் தந்தி நிற்குமிடம் நகர்ந்து சுருதி கெடுவதால், வளைந்த அரத்தால் அவற்றை மீண்டும் உருட்டி மெருகேற்றாமல் இவ்வேலை முடிவதில்லை. புதிய ஃப்ரெட்டின் உயரம் பொதுவாக 1.1 முதல் 1.4 மி.மீ. வரையே, ஒவ்வொரு சமப்படுத்தலும் அச்சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவாகையால், ஏற்கெனவே தாழ்ந்த ஃப்ரெட்டுகளுள்ள கழுத்தில் மறுத்துவிட்டு, புதிய ஃப்ரெட்டுகளை இடப் பரிந்துரைக்கும் துணிவும் கற்பவருக்கு வேண்டும்.

வேலை முடிந்த கிட்டாரை அன்றே ஒப்படைக்காமல், சுருதியோடு இரண்டொரு நாள் நிறுத்திவைத்து மறுபடி அளப்பது நலம். ட்ரஸ் ராடின் மாற்றத்துக்கு மரம் மெதுவாகவே இணங்குகிறது, கடலோர ஊரின் ஈரக்காற்றுக்கும் குளிரூட்டிய அறையின் வறட்சிக்கும் இடையே அலையும் கழுத்து மேலும் தாமதிக்கிறது. ரிலீஃப், இருபுற ஆக்‌ஷன், தந்தியின் தடிமன், சுருதி, தேய்க்கப்பட்ட ஃப்ரெட்டுகளின் எண்கள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி உறைப்பெட்டியில் வைத்துவிட்டு, வேறு தடிமனுள்ள தந்திகளுக்கு மாறினால் கழுத்தை மீண்டும் அளந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பதை உரிமையாளரிடம் வாய்ச்சொல்லாகவும் தெரிவிக்க வேண்டும்.