ஒட்டாமல் வெட்டுவோம்: அதிரும் கேக் கத்திக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளாக் ஃபாரஸ்ட் கேக்கில் முதல் துண்டு அழகாக வரும். மூன்றாவது துண்டுக்குள் கத்தி முழுக்க க்ரீம் அப்பிக்கொள்ளும். ஐந்தாவது வெட்டில் கத்தி செர்ரியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வீட்டில் கேக் செய்து விற்பவருக்கும் சின்ன பேக்கரி நடத்துபவருக்கும் இது தினசரித் தலைவலி. பெரிய கேக் தொழிற்சாலைகளில் இதற்கென்று அல்ட்ராசோனிக் கத்திகள் உண்டு. இப்போது கையில் பிடிக்கிற அளவிலும் அவை கிடைக்கின்றன. பெட்டியைத் திறப்பதிலிருந்து கழுவி வைப்பது வரை, கடைசியில் காசுக் கணக்கும் சேர்த்து, ஒவ்வொரு படியாகப் பார்த்துவிடுவோம்.

இது என்ன?

மனிதக் காது நொடிக்கு சுமார் 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அதற்கு மேல் போனால் மீயொலி, அதாவது அல்ட்ராசோனிக். கத்தியின் கைப்பிடிக்குள் பீங்கான் போன்ற சின்ன வளையங்கள் இருக்கும். மின்சாரம் மாறி மாறிப் பாயும்போது அவை அந்த வேகத்தில் விரிந்து சுருங்கி அலகை அதிரவைக்கும். அழுத்தினால் சில படிகங்கள் மின்சாரம் தரும் என்பதை 1880-இல் க்யூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். இங்கே நடப்பது அதன் தலைகீழ் வேலை.

தொழிற்சாலை இயந்திரங்களில் பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 20,000 அதிர்வு), கையடக்கக் கருவிகளில் 40 கிலோஹெர்ட்ஸ் வரை வரும். அலகு நகரும் தூரம் சில பத்து மைக்ரான்; தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த அசைவில் க்ரீமால் அலகைப் பற்றிக்கொள்ள முடியாது. உராய்வு குறைகிறது, அழுத்தமும் குறைவாகவே போதும். அதனால் அடுக்குகள் நசுங்குவதில்லை.

‘நம்மிடம் இருக்கிற கத்தியிலேயே ஒரு அதிர்வியைப் பொருத்திவிட்டால் என்ன?’ என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. முடியாது. அலகு செய்யப் பயன்படும் டைட்டானியத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் போகும். 20 கிலோஹெர்ட்ஸில் பாதி அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். அலகின் நீளமும் வடிவமும் இந்தக் கணக்குக்கு இசைந்தால்தான் அதிர்வு நுனிவரை போகும். வீணைத் தந்தியைச் சுருதி சேர்ப்பதைப் போலத்தான். கைப்பிடியையும் அதிர்வே இல்லாத புள்ளியில் பிணைத்திருப்பார்கள். அதனால்தான் நம் கை நடுங்குவதில்லை.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

க்ரீம் கேக், சீஸ்கேக், மூஸ், பிரவுனி, பாலாடைக்கட்டி, பருப்பும் உலர்பழமும் சேர்த்த ஒட்டும் பார்கள்: இவைதான் இதன் களம். பருப்பை இழுக்காமல் அது இருக்கும் இடத்திலேயே வெட்டும்.

அடுப்பிலிருந்து இறக்கிய சூடான ரொட்டிக்கு இது வேண்டாம். பல் வைத்த பழைய ரொட்டிக் கத்தியே மேல். கடலைமிட்டாயைச் சூட்டோடு பரப்பி, இறுகுவதற்கு முன்பே வெட்டிவிடுகிறோம். அங்கேயும் இதற்கு வேலையில்லை. ஐஸ்கிரீம் எடுக்கவும் நான் இதைச் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் ஷெர்மன் கெல்லி என்பவர் 1930-களிலேயே கைப்பிடிக்குள் திரவம் அடைத்த அலுமினியக் கரண்டியை உருவாக்கினார். கைச்சூடு அந்தத் திரவம் வழியாகக் கிண்ணத்துக்குப் போகும், ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு வரும். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை.

முதல் கேக்கை வெட்டுவோம்

ஆர்டர் கேக்கில் பழக வேண்டாம். விலை குறைந்த வெண்ணிலா க்ரீம் கேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்து, நன்றாகக் குளிர்ந்ததும் எடுப்போம். அதிர்வு எவ்வளவு இருந்தாலும் இளகிய க்ரீம் சுத்தமாக வெட்டுப்படாது.

கேக்குக்கு அடியில் அட்டை இருக்கட்டும். எஃகுத் தட்டு கூடவே கூடாது. முதல் நாள் அவசரத்தில் நான் எஃகுத் தட்டிலேயே வைத்து வெட்டினேன். அலகு தட்டைத் தொட்டதும் வந்த கிறீச் சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. அலகின் ஓரத்தில் ஒரு பல்லும் விழுந்தது. அந்தத் துணுக்கு எங்கே போனது என்று தெரியாததால் முழு கேக்கையும் குப்பையில் போட்டேன்.

அலகு காற்றில் இருக்கும்போதே பொத்தானை அழுத்துவோம். பிறகு நுனியை க்ரீமின் மேல் வைத்து, மெதுவாகக் கீழே இறங்க விடுவோம். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, பழக்கத்தில் அழுத்துவது. இன்னொன்று, ரம்பம் போல முன்னும் பின்னும் இழுப்பது. இரண்டும் வேண்டாம். கத்தியின் எடையோடு கொஞ்சம் கை எடை சேர்ந்தால் போதும். அழுத்தினால் அதிர்வு தடுமாறும், அலகு சூடாகும், க்ரீம் உருகும்.

அட்டையைத் தொடுவதற்கு ஒரு நூல் அளவு முன்பே நிறுத்தப் பழகுவோம். அதிர்வை அணைக்காமலே கத்தியை வெளியே எடுக்க வேண்டும். பாதியில் அணைத்தால் பழையபடி ஒட்டிக்கொள்ளும்.

வட்டக் கேக்கில் 12 துண்டுக்கு ஆறு முழு வெட்டு. ஆறையும் முடித்த பிறகு துண்டுகளைத் தூக்குவோம். தூக்க சாதாரண கேக் கரண்டியே போதும்; அதிரும் கத்தியால் நெம்பக் கூடாது.

கழுவுவது எப்படி?

முதலில் அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்குவோம் அல்லது பேட்டரியைக் கழற்றுவோம். அலகை மட்டும் ஈரத் துணியால் துடைத்து, குறிப்பேட்டில் சொல்லியபடி கழுவுவோம். தண்ணீரில் முக்கலாம் என்று எழுதியிருந்தாலொழிய கைப்பிடியை முக்கவே கூடாது. முனை மழுங்கினால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். கணக்கில்லாமல் தேய்த்தால் சுருதி போய்விடும்.

எச்சரிக்கை

அதிரும் அலகை விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். தொட்டால் வெட்டும், உராய்வுச் சூட்டில் சுடவும் செய்யும். மின்சாரம் தரும் தனிப் பெட்டியோடு கேபிளில் இணைந்து வரும் கத்திகளில் ஆளைத் தாக்கும் அளவு உயர் மின்னழுத்தம் ஓடும். கேபிளின் உறை கிழிந்திருந்தால் தொடக்கூடாது. உள்ளே இருக்கும் பீங்கான் வளையங்களில் பெரும்பாலும் ஈயம் இருக்கிறது. உடைந்த கைப்பிடியைச் சமையலறையில் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

பிளாஸ்டிக் பொம்மை மாதிரிகளை வெட்ட விற்கும் மீயொலிக் கத்திகள் மலிவாகக் கண்ணில் படும். அவை உணவுக்கானவை அல்ல. நமக்குக் கேட்காத ஒலி நாய்க்கும் பூனைக்கும் கேட்கும் என்பதால் எந்த மீயொலிக் கத்தியால் வெட்டும்போதும் வளர்ப்புப் பிராணிகளைத் தள்ளி வைப்பது நல்லது.

எவ்வளவு ஆகும்?

சியாட்டில் அல்ட்ராசோனிக்ஸ் நிறுவனம் 2025-இல் அறிவித்த சி-200 என்ற சமையல் கத்தியின் அறிமுக விலை 399 டாலர், அதாவது சுமார் 35,000 ரூபாய். அனுப்பும் செலவும் வரிகளும் தனி. பேக்கரிக்கான டைட்டானிய அலகுக் கருவிகளுக்கு விலைப்புள்ளி கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குவோம்: உணவுக்கு ஏற்ற அலகா, நம் 230 வோல்ட்டுக்குப் பொருந்துமா, மாற்று அலகு என்ன விலை, பழுதானால் எங்கே அனுப்புவது.

அதற்கு முன் ஒரு சோதனை. சூடான தண்ணீரில் முக்கித் துடைத்து வெட்டும் பழைய முறையில் ஒரு கேக்குக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்போம். அதிரும் கத்தியால் அதில் இரண்டு நிமிடம் மிச்சமானால், நாளுக்கு 20 கேக் வெட்டும் கடைக்கு 40 நிமிடம். அந்தக் கடை வாங்கலாம். வாரத்துக்கு நான்கு கேக் வெட்டுபவருக்கு மெல்லிய கத்தி, ஒரு செம்பு வெந்நீர், சுத்தமான துணி ஆகியவையே போதும்.