‘ஆன்’ எங்கே, ‘ஆஃப்’ எங்கே?

தனி ஊசலின் அலைவு நேரம், வீச்சு சிறிதாக இருக்கும்போது, அதன் நீளத்தைச் சார்ந்தது. குண்டின் நிறையைச் சாராதது. தமிழில் இரண்டிற்கும் ‘ஐ’ உருபே போதும். ஆங்கிலத்திலோ சார்ந்ததற்கு ‘டிபென்டன்ட் ஆன்’, சாராததற்கு ‘இன்டிபென்டன்ட் ஆஃப்’. முன்னால் ‘இன்’ சேர்ந்ததும் பின்னால் உள்ள ‘ஆன்’ போய்விடுகிறது! சோதனைக் குறிப்பேடுகளில் அடிக்கடி காணும் ‘இன்டிபென்டன்ட் ஆன்’ பிழையே. (‘டிபென்ட்’ என்பதன் இலத்தீன் மூலத்திற்குத் ‘தொங்குதல்’ என்று பொருள், ஊசலுக்குப் பொருத்தந்தான்.)

அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்திலிருக்கும். இங்கே நம் ‘கு’ உருபே வழிகாட்டும்: ‘ப்ரபோர்ஷனல் டு’. ‘வித்’ வேண்டாம்.

இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால் ‘ஆன்’, ‘ஆஃப்’ இரண்டும் தனித்தனியே வரவேண்டும்: ‘டிபென்டன்ட் ஆன் தி லெங்த், பட் இன்டிபென்டன்ட் ஆஃப் தி மாஸ்’.