விரலுக்கேற்ற வீக்கம்

நுழையும்முன்

ஆட்டத்தில் வெல்பவர் உயர்வர், தோற்பவர் தாழ்வர். விளையாட்டில் நாம் அறிந்த முறை இதுவே. ஆனால், களத்தில் வெற்றி பெற்ற ஆண்டிலேயே ஒரு கால்பந்துக் கழகம் வீழ்ந்தது. 125 ஆண்டுகள் தொடர்ந்து ஆடிவந்த இடத்தை அது ஒரே இரவில் இழந்தது. அக்கழகம் வளர்ந்த கதையையும், வீழ்ந்த காரணத்தையும், அதன்பின் நிகழ்ந்ததையும் இப்பாடத்தில் காண்போம்.

ஆலை நகரில் ஒரு கழகம்

கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று அழைப்பர். பஞ்சாலைகள் மிகுந்த ஊர் என்பதால் அதற்கு அப்பெயர் அமைந்தது. அந்த மான்செஸ்டர் நகரம் இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் உள்ளது. அதற்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், இர்வெல் ஆற்றங்கரையில் அமைந்த சிறு நகரம் பெரி. தறியில் ஊடை நூலை விரைந்து செலுத்தும் 'பறக்கும் நாடா'வுக்கு 1733இல் காப்புரிமை பெற்ற ஜான் கே, இந்நகரை அடுத்த பகுதியில் பிறந்தவர். எனவே, நெசவுக்கும் இவ்வூருக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரியின் மக்களுள் பலர் ஆலைத் தொழிலாளர்களாக இருந்தனர். வாரத்தின் ஆறு நாளும் அவர்களுக்கு வேலை இருந்தது. 1850இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் பெண்களையும் இளையோரையும் வேலை வாங்குவதைத் தடுத்தது. அவர்களின் துணையின்றி ஆலைகள் இயங்குவது அரிது. ஆகவே, காலப்போக்கில் அந்த அரைநாள் ஓய்வு அனைவருக்கும் உரியதாயிற்று. ஆலைச் சங்கு ஒலித்து ஓய்ந்ததும் தொழிலாளர்கள் கால்பந்துத் திடலை நோக்கி நடந்தனர். சனிக்கிழமை பிற்பகலில் கால்பந்து ஆடும் இங்கிலாந்தின் வழக்கம் இவ்வாறுதான் வேரூன்றியது.

1885இல் பெரியில் இரு தேவாலயங்களைச் சார்ந்த இரண்டு கால்பந்து அணிகள் இருந்தன. இரு தரப்பினரும் கூடிப் பேசி, ஊர் முழுமைக்கும் பொதுவாக ஒரு கழகத்தைத் தொடங்கினர். அதுவே பெரி கால்பந்துக் கழகம். 'கிக் லேன்' என்னும் திடல் அதன் தாயகம் ஆயிற்று.

புகழின் உச்சி

இங்கிலாந்தில் கால்பந்துக் கழகங்கள் பல பிரிவுகளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு பிரிவில் முன்னணியில் நிற்கும் கழகங்கள் அடுத்த ஆண்டு மேற்பிரிவுக்கு உயரும். கடையிடம் பெறும் கழகங்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். ஓர் ஏணியில் ஏறுவதும் இறங்குவதும் போன்றது இந்த முறை. எனவே, மிகச் சிறிய ஊரின் கழகமும் உச்சிப் பிரிவை எட்டும் கனவோடு ஆட இயலும்.

1894இல் கால்பந்து லீக்கின் இரண்டாம் பிரிவில் பெரி சேர்க்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே தன் சொந்தத் திடலில் ஆடிய 15 ஆட்டங்களிலும் அது வென்றது. மேற்பிரிவுக்கு உயர்வதற்கான தகுதி ஆட்டத்தில் லிவர்பூல் கழகத்தை 1–0 என்னும் கோல் கணக்கில் தோற்கடித்தது. பெரி உயர்ந்தது, இன்று உலகெங்கும் புகழ்பெற்று விளங்கும் லிவர்பூல் அன்று கீழே இறங்கியது.

1900இல் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சவுத்தாம்ப்டன் அணியை 4–0 எனப் பெரி வென்றது. 1903இல் மீண்டும் இறுதி ஆட்டத்தை அடைந்து, டெர்பி கவுன்டி அணியை 6–0 என வீழ்த்தியது. அந்த ஆண்டின் கோப்பைப் போட்டி முழுவதிலும் பெரி ஒரு கோலைக்கூட எதிரணிக்கு விட்டுக்கொடுக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் ஆறு கோல் வேறுபாட்டில் பெற்ற அவ்வெற்றியை 116 ஆண்டுகள் வரை வேறெந்த அணியாலும் எட்ட முடியவில்லை. 2019 மே மாதத்தில் மான்செஸ்டர் சிட்டி அணி அதனைச் சமன் செய்தது.

உச்சியில் நெடுங்காலம் நிற்பது அரிது. 1929இல் முதற்பிரிவிலிருந்து இறங்கிய பெரி, அதன்பின் ஒருபோதும் அங்கு திரும்பவில்லை. ஊரின் பஞ்சாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆயினும் கழகம் நிலைத்தது. கீழ்ப்பிரிவுகளில் மாறி மாறி ஆடியது. தாத்தா அமர்ந்த வரிசையில் தந்தையும், தந்தை அமர்ந்த வரிசையில் மகளும் அமர்ந்து அதன் ஆட்டத்தைக் கண்டனர். 2002இல் பண நெருக்கடி நேர்ந்தபோது, ஊர் மக்களே நிதி திரட்டிக் கழகத்தைக் காத்தனர்.

கணக்கேட்டில் நேர்ந்த தோல்வி

பெருநகரக் கழகங்களுக்குத் தொலைக்காட்சி உரிமை வழியாகப் பெரும்பணம் கிடைக்கிறது. சிறு நகரக் கழகங்களுக்கோ ஆட்டம் காண வருவோர் தரும் கட்டணமே முதன்மையான வருவாய். பெரியின் ஆட்டத்தைக் காண வந்தோர் சில ஆயிரம் பேரே. ஆனால், மேலே உயரவேண்டும் என்னும் விழைவால் அதன் செலவு வருவாயை விஞ்சியது. வீரர்களுக்குக் கூடுதல் ஊதியம் பேசப்பட்டது. பற்றாக்குறையைக் கடன் நிரப்பியது. வீடு போல் விளங்கிய கிக் லேன் திடலின் மீதும் கடன் பெறப்பட்டது.

2018 டிசம்பரில் கழகத்தின் உரிமை ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பெருமையுடைய கழகத்துக்கு அவ்வளவுதானா விலை என்று தோன்றலாம். கழகத்தை வாங்குபவர் அதன் கடன்களையும் சேர்த்தே சுமக்க வேண்டும். கடன் மலைபோல் உயர்ந்தால் சொத்தின் மதிப்பு கடுகளவாகிவிடும் என்பதை அந்த விற்பனை காட்டியது.

அவ்வாண்டில் வீரர்களுக்கு ஊதியம் உரிய காலத்தில் கிடைக்கவில்லை. எனினும் அவர்கள் ஆடினர், வென்றனர். நான்காம் அடுக்கான 'லீக் டூ' பிரிவில் இரண்டாமிடம் பெற்று, 2019 ஏப்ரலில் மேற்பிரிவுக்கு உயரும் தகுதியை அடைந்தனர். ஊர் மகிழ்ந்தது. ஆனால், களத்தில் கிடைத்த வெற்றியால் கணக்கேட்டை நேர்செய்ய முடியவில்லை. கடனைத் தீர்க்கவும் வருமாண்டுச் செலவை ஏற்கவும் பணம் உள்ளது என்பதற்குச் சான்று தருமாறு லீக் நிருவாகம் கேட்டது. நிறைவான சான்று கிட்டவில்லை. புதிய பருவம் தொடங்கியும் பெரியின் ஆட்டங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தி வைக்கப்பட்டன.

2019 ஆகஸ்டு 27 இறுதி நாள். கழகத்தை வாங்க ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. ஆட்டம் விரைவில் தொடங்கிவிடும் என்னும் நம்பிக்கையோடு ஊர் மக்கள் பெருந்திரளாகக் கிக் லேனில் கூடினர். பல வாரங்களாகப் பூட்டிக்கிடந்த திடலைத் துடைப்பமும் வாளியும் கொண்டு தூய்மை செய்தனர். இருக்கைகளைத் துடைத்தனர், படிகளைக் கழுவினர். அவர்களுக்கு யாரும் கூலி தரவில்லை. அவர்களும் அதனை எதிர்பார்க்கவில்லை.

அன்றே அந்த நிறுவனம் பின்வாங்கியது. இரவில் லீக் நிருவாகம் தன் முடிவை அறிவித்தது. பெரி கால்பந்துக் கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. பகலெல்லாம் துடைத்த இருக்கைகளில் அமர ஆட்டம் இல்லாமல் போயிற்று. ஊழியர்கள் வேலை இழந்தனர். கழகத்தில் பயின்றுவந்த இளம் வீரர்கள் வேறு இடம் தேடினர். ஆட்ட நாளின் கூட்டத்தை நம்பியிருந்த சிறு கடைகளும் வாடின.

மீண்டும் முதற்படி

ஊர் மக்கள் அத்துடன் அமைந்துவிடவில்லை. அவர்களுள் ஒரு பகுதியினர் அதே ஆண்டில் 'பெரி ஏ.எஃப்.சி.' என்னும் புதிய கழகத்தைத் தொடங்கினர். அதன் உறுப்பினர்களே அதன் உரிமையாளர்கள். 2020இல் அது பத்தாம் அடுக்கிலிருந்து ஆடத் தொடங்கியது. சொந்தத் திடல் இல்லாமையால் அண்டை ஊரின் திடலில் ஆடியது. மற்றொரு பகுதியினர் பழைய திடலை மீட்க முயன்றனர். அரசு நிதியும் கொடையாளர் உதவியும் சேர, 2022 பிப்ரவரியில் கிக் லேன் ஆர்வலர்களின் கைக்கு வந்தது.

இப்போது ஒரு தரப்பினரிடம் அணி இருந்தது. மற்றொரு தரப்பினரிடம் திடல் இருந்தது. இரண்டும் இணைவதே முறை எனத் தோன்றும். ஆயினும், 2022இல் நடந்த வாக்கெடுப்பில் இணைப்புக்குத் தேவையான பெரும்பான்மை கிட்டவில்லை. அன்பு மிகுந்தோரிடையேயும் கருத்து வேறுபாடு எழும். அவர்கள் மீண்டும் பேசினர். 2023இல் நடந்த வாக்கெடுப்பில் இணைப்பு நிறைவேறியது. 1885இல் இரு அணிகள் ஒன்றாகிப் பிறந்த கழகம், 138 ஆண்டுகளுக்குப் பின் இரு தரப்பினர் ஒன்றானதால் மறுபடியும் பிறந்தது. பெரி என்னும் பழைய பெயரோடு கிக் லேனில் மீண்டும் ஆட்டம் நடந்தது. 2025இல் அக்கழகம் ஒன்பதாம் அடுக்கிலிருந்து எட்டாம் அடுக்குக்கு உயர்ந்தது.

பெரியின் வீழ்ச்சி நாட்டையும் சிந்திக்க வைத்தது. கால்பந்துக் கழகங்களின் நிருவாகத்தை ஆராய்ந்த குழுவொன்று 2021இல் தன் அறிக்கையை அரசிடம் அளித்தது. அதன் தொடர்ச்சியாக, 2025இல் கால்பந்து ஆளுகைச் சட்டம் இயற்றப்பட்டது. கழகங்களின் வரவுசெலவையும் உரிமையாளர்களின் தகுதியையும் கண்காணிக்கத் தனி அமைப்பு ஒன்றுக்கு அது வழிவகுத்தது.

'விரலுக்கேற்ற வீக்கம்' என்பது நம் முன்னோர் மொழி. வளர விரும்புவது பிழையன்று. தன் அளவை மறந்து வளர முயல்வதே பிழை. பெரியின் வீரர்கள் களத்தில் தோற்கவில்லை. வரவறியாத செலவே கழகத்தை வீழ்த்தியது. விழுந்ததைத் தூக்கி நிறுத்தியவர்களோ, அன்று துடைப்பத்தோடு வந்தவர்களைப் போன்ற எளிய மக்கள். பத்திரத்தில் ஒருவர் பெயர் இருக்கலாம். ஆயினும் ஒரு கழகம் அதனைப் பேணும் ஊருக்கே உரியது.

அருஞ்சொற்பொருள்

ஊடை – தறியில் குறுக்காகச் செல்லும் நூல்
நாடா – ஊடை நூலைத் தாங்கித் தறியில் இங்குமங்கும் ஓடும் கருவி
விழைவு – பெருவிருப்பம்
விஞ்சுதல் – மிகுதல், தாண்டுதல்
ஆர்வலர் – பற்றுடையவர்
ஆளுகை – நிருவகிக்கும் முறை

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றவர் ________.
2. பெரி கழகத்தின் திடல் ________ எனப்படும்.
3. 1903ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் பெரியிடம் தோற்ற அணி ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சனிக்கிழமை பிற்பகலில் கால்பந்து ஆடும் வழக்கம் எவ்வாறு தோன்றியது?
2. கழகம் ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது ஏன்?
3. 2019 ஆகஸ்டு 27 அன்று ஊர் மக்கள் திடலில் என்ன செய்தனர்?

இ. விரிவாக விடை எழுதுக.
1. 'பெரி கழகம் களத்தில் தோற்கவில்லை, கணக்கேட்டில் தோற்றது.' இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. 1885ஆம் ஆண்டின் நிகழ்வையும் 2023ஆம் ஆண்டின் நிகழ்வையும் ஒப்பிட்டு எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
விரலுக்கேற்ற, பஞ்சாலை, கணக்கேடு, வேரூன்றியது

உ. 'விரலுக்கேற்ற வீக்கம்' என்னும் பழமொழியைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.

ஊ. செயல்பாடு
உங்கள் பெற்றோரின் சொந்த ஊரிலோ, நீங்கள் இப்போது வாழும் ஊரிலோ மக்கள் ஒன்றுகூடிப் பேணும் விளையாட்டுத் திடல், படிப்பகம், குளம் போன்ற ஒன்றைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிக. அதனைத் தொடங்கியவர் யார், இன்று பேணுபவர் யார், அதற்கான செலவு எவ்வாறு கிடைக்கிறது ஆகியவற்றைப் பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.